வெளிநாட்டில் கிளினிக்கல் சைக்காலஜி: காரைக்குடியில் இருந்து எங்கே ஆரம்பிப்பது?

கானாடுகாத்தான் மாணவி
வணக்கம். மூணு வருஷ பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சு, இப்போ காரைக்குடியில் எம்.எஸ்சி. கடைசி வருஷம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் சேரணும். அமெரிக்காவில் கிளினிக்கல் பிஎச்.டி. போடலாமா, இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.எஸ்சி. போதுமா? கடைசியில் நோயாளிகளைப் பார்க்கிற வேலைதான் வேணும். செலவுக்கு ஐயா காலத்து வீட்டை வச்சு லோன் போடலாம்னு வீட்டில் பேச்சு. எதை முதல்ல செய்யணும்?

தேவகோட்டை அண்ணன்
முதல்ல நோயாளியைப் பார்க்கிற உரிமம் எப்படிக் கிடைக்கும்னு பாருங்க தங்கச்சி, அப்புறம் நாட்டைப் பாருங்க. இங்கிலாந்தில் ஒரு வருஷ கன்வர்ஷன் எம்.எஸ்சி. (வேற பாடம் படிச்சவங்க சைக்காலஜிக்கு மாறும் படிப்பு) முடிச்சா பி.பி.எஸ். எனும் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அடிப்படை உறுப்பினர் தகுதி வரும், அவ்வளவுதான். நோயாளியைப் பார்க்க அது போதாது. அங்கே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது சட்டப்படி காக்கப்பட்ட பட்டம். அதுக்கு மூணு வருஷ டாக்டரேட் படிச்சு எச்.சி.பி.சி. எனும் சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதியணும். அந்த இடங்களுக்குப் பெரும்பாலும் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவ சேவை பணம் கொடுக்குது, வெளிநாட்டு மாணவருக்குக் கிடைப்பது அரிது. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்றதே இல்லை.

அமெரிக்காவில் உரிமம் மாநிலம் மாநிலமா. பொதுவா டாக்டரேட் வேணும், அதுவும் ஏ.பி.ஏ. எனும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள படிப்பா இருந்தா நல்லது. பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. சை.டி.க்கு (சிகிச்சைப் பயிற்சியை மையமா வச்ச டாக்டரேட்) அநேகமா கைக்காசுதான். ஆனா கிளினிக்கல் பிஎச்.டி.யில் ஒரு பேராசிரியர் வருஷத்துக்கு ஒருத்தரை எடுப்பார், சில வருஷம் யாரையுமே எடுக்க மாட்டார். அதனால அது மட்டும் போடாம, எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி மாஸ்டர்ஸும் சேர்த்துப் போடுங்க. அந்தப் பிரிவு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு) பட்டியலில் வருது, படிப்பு முடிஞ்சதும் அங்கே வேலை செய்ய விடும் ஓ.பி.டி. 12 மாசத்தோட இன்னொரு 24 மாசம் கேட்கலாம். கிளினிக்கல், கவுன்சலிங் அந்தப் பட்டியலில் இல்லை.

ஊருக்குத் திரும்பி வர எண்ணம் இருந்தா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு விதியை இப்பவே படிச்சிடுங்க. வெளிநாட்டுப் பட்டம் இருக்குன்னு பதிவு தானா வந்துடாது.

தாள் வேலை தெரிந்தவர்
கிளினிக்கல் பிஎச்.டி.க்குப் பல இடங்களில் டிசம்பர் 1 கடைசி நாள். அதில் இருந்து பின்னோக்கி எண்ணுங்க.

பெயர்தான் முதல் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியா விட்டிருந்தா, அமெரிக்க விசாவில் உங்க பெயர் சர்நேம் ஆகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியாது) வந்துடும். விண்ணப்பம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ட்ரான்ஸ்கிரிப்ட் (முழு மதிப்பெண் தொகுப்பு) கோரிக்கை எல்லாத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்க. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 2 வருஷம்தான் செல்லும்.

ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஆகஸ்டிலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துடுங்க. வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்க்கும் மதிப்பீட்டு நிறுவனம் கேட்டா பல்கலைக்கழகமே நேரா அனுப்பணும், நீங்க பிரிச்ச உறை செல்லாது. சி.ஜி.பி.ஏ.வை நீங்களா 4க்கு மாத்தாதீங்க, 10க்கு எவ்வளவோ அதையே போடுங்க. மூணு வருஷ டிகிரியை மட்டும் சில இடங்கள் ஏற்காது, எம்.எஸ்சி. அங்கேதான் கைகொடுக்கும். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு பல இடங்களில் இல்லை, சிலதில் உண்டு. ஒவ்வொரு துறைப் பக்கத்திலும் தனித்தனியாப் பாருங்க.

பரிந்துரைக் கடிதம் மூணு. முதல்வர் கையெழுத்துன்னு தேடி ஓடாதீங்க, உங்க ப்ராஜெக்ட்டைப் பார்த்துத் திருத்தினவர் எழுதினாத்தான் கனம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதா டிக் பண்ணிடுங்க, அப்பத்தான் அதை நம்புவாங்க.

பள்ளத்தூர்க்காரர்
வீடு விஷயம். ஐயா காலத்து வீடுன்னா பங்காளிகள் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. பொதுச் சொத்தை அடமானம் வைக்கப் பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் கோலாலம்பூர்ல, ஒருத்தர் சென்னையில இருந்தா அதுக்கே மாசங்கள் ஓடிடும். பாகப்பிரிவினை பதியாம கிடந்தா வங்கி வக்கீலே நிறுத்திடுவார். அப்பா பெயரில் தனியா மனை இருந்தா அதுக்குத் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எடுத்து வைங்க. இன்னொண்ணு, வீட்டையோ நகையையோ காட்டி விசா நிதியைக் காட்ட முடியாது. இங்கிலாந்துக்குச் சொந்தப் பணம்னா 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்கணும். அமெரிக்க ஐ-20க்கு (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் போதும். உதவித்தொகையோட பிஎச்.டி. கிடைச்சா வீட்டைத் தொடவே வேண்டாம்.

கானாடுகாத்தான் மாணவி
ரொம்ப நன்றி. என் ப்ராஜெக்ட்டில் ஒரு ஆங்கில உளவியல் கேள்வித்தொகுப்பை (அளவுகோல்) தமிழாக்கிப் பயன்படுத்தினேன். எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோட தரும் நோக்கக் கட்டுரை) எழுதலாமா?

தேவகோட்டை அண்ணன்
அதையே முதல் பத்தியில் வைங்க! மூல ஆசிரியர் அனுமதி, தமிழாக்கம், அதைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்ப ஆங்கிலமாக்கியது, முன்னோட்டத்தில் எந்தக் கேள்வி புரியாம போச்சு, எத்தனை பேர், ஆல்ஃபா (கேள்விகள் ஒண்ணோடொண்ணு ஒத்துப்போகும் அளவு) எவ்வளவு, எல்லாம் எழுதுங்க. 'சின்ன வயசில் இருந்தே சேவை மனப்பான்மை' என்ற தொடக்கம் வேண்டாம். செப்டம்பரில் பேராசிரியருக்குப் பத்து வரிக்குள் மின்னஞ்சல் போடுங்க: உங்க ஆய்வு, அவருடைய எந்தக் கட்டுரையோடு அது சேருது, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா. எடுக்கலைன்னு பதில் வந்தா அந்த விண்ணப்பக் கட்டணம் மிச்சம். இடம் கிடைச்சா உதவித்தொகைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல நேரம் தருவது அங்கே வழக்கம், அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க.