‘வயரிங்’ நரம்புப் பாசனமா, இழைப்பிணைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி ஹிப்போகாம்பஸ். அதைப் பற்றிய நம் கலைச்சொல் வரைவில், ‘வயரிங்’ (நரம்பிழைகள் செல்களோடு இணையும் விதம்) என்பதற்கு ‘நரம்புப் பாசனம்’ என்ற சொல்லை நம் குழுவின் மூத்த ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். வெண்ணாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் என்பதால் அந்தச் சொல் எனக்கு இனிக்கவே செய்கிறது. ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். மதகைத் திறந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாயுமே தவிர, அதற்கென்று தேர்வு கிடையாது. நரம்பிழையோ இடம் தேடிப் போகிறது. ஹிப்போகாம்பஸை ஒட்டிய என்டோரைனல் புறணியிலிருந்து வரும் இழைகள், ஹிப்போகாம்பஸ் அமைப்பின் ஒரு பகுதியான டென்டேட் மடிப்பின் வெளிப்பட்டையில் முடிகின்றன. மூளையின் மறுபாதியிலிருந்து வருபவை அதற்கு உட்புறம், அம்மடிப்பின் முக்கிய நரம்புச் செல்களான துகள்செல்களை ஒட்டிய பட்டையில் முடிகின்றன. இரு வாய்க்கால் தண்ணீர் ஒரே வயலுக்குள் கலவாமல் தனித்தனியே நிற்பதை நம் பக்கத்தில் யாரும் கண்டிருக்க மாட்டோம். ஆகவே ‘இழைப்பிணைப்பு’ என்பதே என் பரிந்துரை.

இதைவிட முக்கியமானது, நம் வரைவில் உள்ள ‘கட்டமைப்புச் சிதைவு’ என்ற தொடர். செல்கள் இடம் மாறிப்போவதையும் இழைகள் தவறாக இணைவதையும் அது ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. இவை இரண்டும் வேறு என்பதற்கு ரீலர் சுண்டெலியே சான்று. (வெறுமனே ‘எலி’ என்று எழுதினால் இங்கே வயல் எலியைத்தான் நினைப்பார்கள்.) தள்ளாடி நடப்பதால் அப்பெயர் பெற்ற இந்த வகையை மரபியலாளர் ஃபால்கனர் 1951இல் எடின்பரோவிலிருந்து விவரித்தார், அதற்குக் காரணமான மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. அந்த மரபணு ஆக்கும் ரீலின் என்ற புரதத்தை, வளரும் மூளையின் மேல்விளிம்பில் உள்ள கஹால்-ரெட்சியஸ் செல்கள் சுரக்கின்றன. மரபணுவில் நேரும் சடுதிமாற்றத்தால் அந்தப் புரதம் இல்லாமல் போகும்போது, பிறந்த இடத்திலிருந்து நகர்ந்து வரும் செல்கள் உரிய அடுக்கில் அமைவதில்லை. கயிறு பிடித்து நட்ட வரிசை போல நெருங்கி நிற்க வேண்டிய துகள்செல்கள், நடவுக்கு முன் வயலில் வீசிய நாற்றுமுடிகள் போல அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஹிப்போகாம்பஸின் மற்றொரு பகுதியான சிஏ1இல், பிரமிடு வடிவ நரம்புச் செல்களின் அடுக்கோ இரண்டாகப் பிரிகிறது.

இவ்வளவு குலைந்தும், என்டோரைனல் இழைகள் பெரும்பாலும் தமக்குரிய வெளிப்பட்டைக்கே வந்து சேர்கின்றன. மறுபாதியிலிருந்து வரும் இழைகள்தாம், அவை நாடும் துகள்செல்கள் சிதறியிருப்பதால், தெளிவான எல்லையை இழந்து பரவுகின்றன. அடுக்கு குலைந்தாலும் ஒருவகைப் பிணைப்பு நிலைத்திருக்க மற்றொன்று மாறுகிறதென்றால், இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

செல்கள் இடம் மாறுவதாகிய முதலாவதற்கு ‘அடுக்குக்குலைவு’ எனலாம். ‘சிதைவு’ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: நரம்புச் சிதைவு என்றால் செல்கள் அழிவதையே வாசகர் நினைப்பார், இங்கே சொல்ல வந்ததோ செல்கள் இடம் மாறிக் கிடப்பதை. அதற்குள் டென்டேட்டில் காண்பதை ‘அடுக்குச் சிதறல்’ என்றும், சிஏ1இல் காண்பதை ‘அடுக்குப் பிளவு’ என்றும் பிரிக்கலாம். செல்களின் நகர்வில் பங்குள்ள டபுள்கார்ட்டின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியில், சிஏ1ஐ அடுத்த பகுதியான சிஏ3இன் செல்லடுக்கு இரண்டாகப் பிரிவதற்கும் பின்னது பொருந்தும். இழைகள் தவறாக இணைவதாகிய இரண்டாவதற்கு ‘பிணைப்புப் பிறழ்வு’ போதும்.

சடுதிமாற்றத்தை இலங்கை நண்பர்கள் ‘விகாரம்’ என எழுதுவதை அறிவேன். நம் பாடநூல் வழக்கான ‘சடுதிமாற்றம்’ வரைவில் நிற்கட்டும், ‘விகாரம்’ என்பதை அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ‘பிறழ்வு’ என்பது மனநோய்ச் சொல்லாகத் தொனிக்கிறது என்று எவருக்கேனும் பட்டால், மாற்றுச் சொல்லை எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் எழுத வேண்டுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து.