டர்பன் – ஜொகன்னஸ்பர்க்: 2 டன் டிரெய்லர் இழுக்க எந்த பாக்கி (பிக்கப் வண்டி) வாங்கலாம்?

சாட்ஸ்வர்த் சமையல்:
கல்யாணச் சமையலுக்கான அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றினால் டிரெய்லர் 2,000 கிலோ வரும். மாதம் இருமுறை என்3 நெடுஞ்சாலை வழியாக ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா போகவேண்டும். டபுள் கேபில் (இரு வரிசை இருக்கை) 5 பேர், பின்தொட்டியில் 150 கிலோ சாமான், தொட்டிக்கு மேலே கேனபி (மூடு கூரை). பார்க்கிற வண்டியெல்லாம் "3.5 டன் இழுக்கும்" என்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

பைன்டவுன் பட்டறை:
அது மட்டும் போதாது. இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. உங்களுக்கு முதலில் முட்டப்போவது சுமைதான். கண்ணாடியில் ஒட்டிய லைசன்ஸ் டிஸ்க்கைப் பாருங்கள். ஜி.வி.எம்.மிலிருந்து (சுமையோடு வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை) டேரைக் (வெற்று வண்டியின் எடை) கழித்தால் வருவதுதான் சுமை.

உதாரணத்துக்கு ஜி.வி.எம். 2,900, டேர் 2,100 என்றால் 800 கிலோ. 5 பேர் 375, கேனபி 60, டோபார் (டிரெய்லர் கோக்கும் இரும்புச் சட்டம்) 30, சாமான் 150, டிரெய்லரின் மூக்கு எடை (அதன் கொக்கி பாக்கிமேல் அழுத்துவது) 100. மொத்தம் 715. மிச்சம் 85 கிலோதான். ஒரு புல்பாரும் கூடுதல் டீசல் டேங்கும் மாட்டினால் அதுவும் போச்சு.

மூக்கு எடையை வெறும் 100 என்று நினைக்காதீர்கள். கொக்கிப் பந்து பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், இரு அச்சுக்கும் இடைவெளி 3.1 மீட்டர் என்றால், பின் அச்சில் ஏறுவது 139 கிலோ. முன் சக்கரத்திலிருந்து 39 கிலோ தூக்கிவிடும். ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். ஆகவே பின் அச்சின் வரம்பையும் வண்டியில் பதித்த தகட்டில் பாருங்கள்.

அதே தகட்டில் ஜி.சி.எம். (பாக்கியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை) இருக்கும். அது 5,800 என்றால், பாக்கி முழுசா நிரம்பி 2,900 ஆனபின் டிரெய்லருக்கு மிஞ்சுவது 2,900தான். விளம்பரத்து 3,500 அல்ல. உங்கள் 2,000 அதில் அடங்கும்.

ஒரு டன் ரகப் பாக்கியில் டர்போ டீசல் எடுங்கள். ஜொகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். என்3-இல் வரும் வான் ரீனன் மலை ஏற்றத்தில் அது தெரியும். அதைவிடச் சிறிய அரை டன் பாக்கியை எண்ணவே வேண்டாம்.

சாட்ஸ்வர்த் சமையல்:
நன்றிண்ணா. டிரெய்லரில் பிரேக் இல்லை. என் டிரைவிங் லைசன்ஸ் கோட் பி. பரவாயில்லையா?

மாரிட்ஸ்பர்க் டிரெய்லர்:
இரண்டுமே ஆகாது. டிரெய்லரின் ஜி.வி.எம். 750 கிலோவைத் தாண்டினால் ஓவர்ரன் பிரேக்காவது (டிரெய்லர் முன்னே தள்ளும்போது தானே பிடிப்பது) கட்டாயம், ஓட்டுபவரின் லைசன்ஸில் இபி கோடும் வேண்டும். பழைய கோட் 08 என்றால் அதுவே இபி.

ஏற்றும்போது கனமான அண்டாவையும் அடுப்பையும் அச்சுக்கு மேலே, ஒரு சாண் முன்தள்ளி வையுங்கள். பின்பக்கம் கனத்தால் மூக்கு இலேசாகி 90 கிலோமீட்டர் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். ஆடினால் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பாதீர்கள். மூக்கு எடையை அளக்க, சமதரையில் டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, வீட்டுத் தராசின் மேல் கட்டைவைத்துக் கொக்கியை இறக்கினால் போதும். பந்திலும் கொக்கியிலும் பொறித்த வரம்பில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

பிரேக்அவே கம்பியை (டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுப்பது) பந்தில் சுற்றாமல் டோபாரின் சட்டத்தில் மாட்டுங்கள். பந்தே கழன்றால் கம்பியும் கூடப் போய்விடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் மாரிட்ஸ்பர்க் பக்கத்து டவுன் ஹில் மலை அடிவாரம் சேர்வதற்குள் சூடேறி அதன் பிடிப்பு மங்கிவிடும்.

பைன்டவுன் பட்டறை:
பணம் கட்டுமுன், ஆட்களும் சாமானும் ஏற்றிய பாக்கியை டிரெய்லர் கோத்தபடி எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். பின் அச்சை மட்டும் தனியாக ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள்.