பாரோ விமான நிலையம்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து:

கடந்த அக்டோபரில் நான், கணவர், எழுபத்தொரு வயதாகும் அத்தை (கணவரின் தாயார்) மூவரும் பூட்டான் போய் வந்தோம். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அங்குள்ள பாரோ விமான நிலையத்தைப் பற்றித் தேடினால் மயிர்க்கூச்செறியும் தரையிறக்கக் காணொளிகள்தான் வந்து குவிந்தன. வயதானவரை அழைத்துக்கொண்டு அங்கே இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம், யாரைக் கேட்கலாம் என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். போய் வந்த மற்றவர்களும் தொடருங்கள்.

கொல்கத்தாவிலிருந்து போகும்போது இடப்பக்கச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. அத்தை கைகூப்பியபடியே இருந்தார். கடைசிச் சில நிமிடங்களில் விமானம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து ஒருமுறை இந்தப் பக்கம் சாய்கிறது, ஒருமுறை அந்தப் பக்கம் சாய்கிறது. சன்னலுக்கு நேராக மலைச்சரிவு. ஒரு வீட்டுக் கூரையில் சிவப்பாக மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். அது மிளகாய்தான் என்று விமானத்திலிருந்தே தெரிந்தது என்றால் எவ்வளவு அருகில் பறந்தோம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் விமானம் ஒரு குலுக்கலும் இல்லாமல், பழகிய கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்புவதுபோலத் திரும்பியது. இங்கே இறங்கத் தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் மட்டுமே ஓட்டுகிறார்கள். பகலில், கண்ணுக்கு வழி தெரியும்போது மட்டுமே இறக்குகிறார்கள். இதை அத்தைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாயிற்று.

ஓடுபாதை ஏறக்குறைய இரண்டேகால் கிலோமீட்டர். ஒரு பக்கம் பாரோ ஆறு, சுற்றிலும் வயல். 1968-ல் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு இங்கே ஒரு சிறிய ஓடுதளம் போட்டதாம். 1983-ல்தான் கல்கத்தாவுக்குப் பயணிகள் விமானம் ஓடத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 2,235 மீட்டர் உயரம். நம் ஊட்டியின் உயரமும் கிட்டத்தட்ட இதுவே. ஊட்டியில் மூச்சு வாங்காதவர்கள் இங்கே இறங்கியதும் உயரத்தை எண்ணிப் பதற வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது படிக்கட்டு. விமானத்திலிருந்து நேராகக் கட்டடத்துக்குள் நடந்து போகும் பாலமெல்லாம் கிடையாது. படியில் இறங்கி, தரையில் நடந்துதான் போக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். ஆனால் நாற்காலி காத்திருந்தது படிக்கட்டின் அடியில். இறங்க வேண்டியவர் அத்தைதான். பூட்டான் பெண்களின் மரபு உடையான கிரா உடுத்திய இளம்பெண் ஒருத்தி கீழேயிருந்து ஏறி வந்தாள். அவசரப்படுத்தவில்லை. அத்தைக்கு முன்னால் ஒரு படி கீழே நின்று, தன் தோளைக் கொடுத்தாள். அத்தை அந்தத் தோளைப் பற்றிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினார். பின்னால் விமானம் முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாதிப் பேர் ஏற்கெனவே இறங்கி, மலையைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தை கட்டடத்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"பார், கதிரறுத்து அரி அரியாகப் போட்டிருக்கிறார்கள்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். நெல் வயல். பாதி பழுத்து நிற்கிறது, பாதி அறுத்துக் கிடக்கிறது. அறுத்த கதிரை அப்படியே வயலில் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். இது பாரோவின் சிவப்பரிசி நெல் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். அறுபது வருடம் நெல்லோடு வாழ்ந்த மனுஷி அத்தை. முன்பின் தெரியாத ஒரு நாட்டில் வந்து இறங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, அவருக்குத் தெரிந்த வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் பயண அலுப்பே இல்லை.

உள்ளே போனால் மரத் தூண்களும் வண்ணம் தீட்டிய சன்னல்களுமாக ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கிறது. வழி தவறவே முடியாது. குடியேற்றப் பிரிவு, பெட்டிகள் வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். வெளியே வந்தால் ஓட்டுநர்கள் பெயர் எழுதிய தாளோடு நிற்பார்கள். ஊர் ஆறு கிலோமீட்டருக்குள். தலைநகர் திம்பு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

—

மதுரையிலிருந்து:

சகோதரி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதப் போவது பாரோவுக்குப் போவதற்கு முன்பே எங்களுக்கு நடந்தது. யாருக்கும் நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தியர்களுக்குப் பூட்டானுக்கு விசா வேண்டாம். ஆனால் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும். ஆதார் செல்லாது. என் அப்பாவிடம் கடவுச்சீட்டு கிடையாது. பூட்டானுக்குள் நுழையும் அனுமதிக்கான விண்ணப்பத்தில் அவருடைய வாக்காளர் அட்டையின் படத்தைத்தான் கொடுத்திருந்தோம். கிளம்பும் அன்று பையில் அவர் வைத்துக்கொண்டது ஆதார். எல்லா இடத்திலும் அதைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சென்னையிலிருந்து கொல்கத்தா வரை அந்த ஆதாரைக் காட்டியே வந்தோம். பாரோ விமானத்துக்கு செக்-இன் செய்யும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அசல் வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் தவறு இல்லை.

அம்மாவையும் என் மனைவி பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, நானும் அப்பாவும் கொல்கத்தாவில் தங்கினோம். மறுநாள் தம்பி அட்டையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தான். அதற்கு மறுநாள்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. இரண்டு நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "என்னால்தான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் போனது பெரிதில்லை, அவரை அப்படிப் பார்த்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெரியவர்களின் பையை நீங்களே திறந்து, அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் அசலையே எடுத்துச் செல்லுங்கள். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்துச் சலுகை இருக்கிறது. நாள் தள்ளிப்போனால் இந்தக் கணக்கும் மாறும்.

—

நாகர்கோவிலிலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம். பூட்டான் நேரம் நமக்கு அரை மணி முந்தியது. நான் அங்கே சிம் அட்டை வாங்கவில்லை, விடுதி வைஃபையே போதும் என்று இருந்துவிட்டேன். கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும் நாள் காலையில் அதைப் பார்த்து நிதானமாகக் கிளம்பினேன். நிலையத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் அரை மணி கூடுதலாகக் காட்டியது. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

பெரிய நிலையமாக இருந்திருந்தால் என் விமானம் போயிருக்கும். இங்கே செக்-இன் இடத்தில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் என் பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே?" என்று கேட்டார். வர வேண்டியவர்களில் நான் ஒருத்திதான் பாக்கி. பெட்டியை வாங்கிக்கொண்டு, வாசலைக் கையால் காட்டினார். பத்தே நிமிடத்தில் சோதனை முடிந்து உள்ளே இருந்தேன். இறங்கிய உடனே கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

—

கோயம்புத்தூரிலிருந்து:

எங்களுடையது ஏப்ரல் பயணம். இரண்டு குடும்பம், ஒன்பது பேர். முற்பகல் விமானத்தில் பாரோவிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து அன்று மாலையே வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் சென்னை. இரண்டும் தனித்தனி டிக்கெட். இதுதான் நாங்கள் செய்த தவறு.

காலை எட்டரைக்குப் போய்விட்டோம். பத்து மணிக்குத் தாமதம் என்றார்கள். பதினொன்றுக்கும் தாமதம். எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் இன்னும் வந்து சேரவே இல்லை. சென்னை டிக்கெட் போய்விடுமே என்ற பதற்றத்தில் நான் அங்கிருந்த ஊழியரிடம் குரலை உயர்த்திவிட்டேன். வயதில் மூத்த இன்னொருவர் வந்தார். பூட்டான் ஆண்களின் மரபு உடையான கோ உடுத்தியிருந்தார், வெள்ளை மடிப்புக் கை. என் தோளில் கை வைத்து, வாசல் வரை அழைத்துப் போனார். எதிரே இருந்த மலையைக் காட்டினார்.

"அந்த மலையின் தோள் உங்களுக்குத் தெரிகிறதா?"

தெரியவில்லை. மேகம் பாதி வரை இறங்கியிருந்தது. ஆற்றோரம் நட்டிருந்த பிரார்த்தனைக் கொடிகள் அத்தனையும் ஒரே பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தன.

"விமானிக்கும் அதுதான் அடையாளம். அவருக்குத் தெரியாதவரை அவர் வரமாட்டார். வந்த விமானம் இந்தியாவின் பாக்டோக்ரா விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் ஏறவிருந்த விமானம் அதுதான்."

அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டிய விமானம் அது. இறங்காமல் திரும்பிப் போனதற்கு நான் கும்பிட வேண்டும்.

பாரோவில் நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும். விமானங்களைக் காலையில் வைப்பது அதனால்தான். முற்பகல் கைவிட்டுப் போனால் அன்றைய நாளே கைவிட்டுப் போகலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு மணிக்கு ரத்து என்று சொல்லி, அறை ஏற்பாடு செய்தார்கள். அடுத்த நாள் விடியற்காலையில் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. முதல் விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். சென்னை டிக்கெட் ஒன்பதும் போயிற்று.

என் யோசனை இது. திரும்பும்போது கொல்கத்தாவில் ஓர் இரவு தங்கும்படி திட்டம் போடுங்கள். மறுநாளும் விமானம் பறக்காது என்ற நிலை வந்தால் சாலை வழி இருக்கிறது. பாரோவிலிருந்து புன்ட்சோலிங் எல்லை ஐந்து மணி நேரத்துக்குள். எல்லை தாண்டினால் ஜெய்கான், அங்கிருந்து பாக்டோக்ரா இன்னும் நான்கு மணி நேரம். எங்களோடு காத்திருந்த ஒரு பெங்காலிக் குடும்பம் ரத்து என்றதும் அப்படியே வண்டி பிடித்துக் கிளம்பியது. எங்களிடம் ஆறு வயதுப் பிள்ளைகள் இருந்ததால் மலைச்சாலையில் இரவில் போக மனம் வரவில்லை.

—

சேலத்திலிருந்து:

அடுத்த மாதம் என் பெற்றோரை அழைத்துப் போகிறேன். தஞ்சாவூர் அக்கா, திரும்பும்போது அத்தை படி ஏறியது எப்படி? நிலையத்தில் சாப்பிட என்ன கிடைக்கும்? பணம் எதில் எடுத்துப் போக வேண்டும்?

—

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, ஏறுவது இறங்குவதைவிட எளிதாக இருந்தது. எல்லோருக்கும் முன்பாக எங்களை அழைத்துப் போய்விட்டார்கள். செக்-இன் செய்யும்போதே "படி ஏறச் சிரமம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி என்று மட்டும் சொன்னால், படியின் அடிவரை கொண்டுபோய் விடுவது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம். விடுதியிலேயே காலை உணவை முடித்துவிடுங்கள், அல்லது கட்டித் தரச் சொல்லுங்கள். கோவை அண்ணன் சொன்னதுபோலத் தாமதமானால் பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் தவறிவிடும். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

பணத்துக்கு நம் ரூபாயே போதும். அவர்களுடைய நுல்ட்ரமும் ரூபாயும் ஒரே மதிப்பு. நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போனால் சில்லறைத் தொல்லை இருக்காது. மீதி வாங்கும்போது நுல்ட்ரம் சேரும். அதை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே கொண்டுவந்தால் மாற்ற முடியாது.

நேரம் இருந்தால் பாரோ ஊரிலிருந்து போந்தே பக்கம், ஆற்றுக்கு மறுகரையில் மேலே போகும் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடுபாதை முழுவதும் கீழே தெரியும். மேலே ரின்புங் கோட்டை, நடுவே ஆறு, வயல். நாங்கள் கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலை அங்கே நின்றோம். ஒரு விமானம் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கியது. நாம் வந்தபோதும் இப்படித்தானா என்று அத்தை கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பாரோ சந்தையில் இரண்டு கிலோ சிவப்பரிசி வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு மறுநாள் அதைத்தான் வடித்தோம். நம் அரிசியைவிடக் கொஞ்சம் பசைப்பு அதிகம், தண்ணீர் குறைத்து வையுங்கள்.