இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்ய, ரெக்கார்டருக்கும் மிக்சருக்கும் எந்த பேட்டரி ஏற்றது?

செய்யாற்றுக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றை ஒட்டிய ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்களில் ஆடப்படும் தெருக்கூத்துகளை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். இரவு 10 மணியளவில் கட்டியங்காரன் (கூத்தை அறிமுகம் செய்து நடத்திச் செல்லும் கோமாளிப் பாத்திரம்) வரவோடு தொடங்கும் கூத்து விடியும்வரை நீள்வதால், ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கருவிகள் இடையறாமல் இயங்க வேண்டியுள்ளது.

என்னிடம் இரண்டு கண்டென்சர் மைக்குகள், அவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் ஒரு சிறிய மிக்சர், ஒரு கையடக்க ரெக்கார்டர் ஆகியவை இருக்கின்றன. மிக்சர் 12 வோல்ட் டி.சி. அடாப்டரில் இயங்குகிறது. அதிலிருந்து 3.5 மி.மீ. கேபிள் வழியாக ஒலியைப் பெறும் ரெக்கார்டர், நான்கு பென்சில் செல்களிலோ 5 வோல்ட் யு.எஸ்.பி. இணைப்பிலோ இயங்கும்.

இதுவரை மைக் செட் ஜெனரேட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துவந்தேன். அதே லைனில் டியூப் லைட்டுகளும் சீரியல் செட்டுகளும் எரிவதால் பதிவு முழுவதும் ஒரு ரீங்காரம் அடியில் ஓடுகிறது. மிருதங்கமும் தாளமும் ஒலிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. ஆனால் வாத்தியார் (கூத்துக் குழுவின் ஆசான்) தாளமில்லாமல் விருத்தம் எடுக்கும்போதும், முகவீணை என்னும் சிறிய ஊதுகருவி தனியாக இழையும்போதும், அதுதான் முதலில் காதில் விழுகிறது. ஒரு வாத்தியார் ஒரு ராத்திரியில் பாடிய விருத்தம் அடுத்த ஊரில் அப்படியே அமைவதில்லை என்பதால், இழந்ததை இன்னொரு நாள் பதிவு செய்து ஈடுகட்டவும் வழியில்லை.

ஆகவே முழுவதும் பேட்டரிக்கு மாற விரும்புகிறேன். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றே போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். யு.பி.எஸ்ஸில் பயன்படும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை வாங்கி மிக்சரை நேராக அதில் இணைத்து, 12 வோல்ட்டை 5 ஆக்கும் சிறிய கன்வெர்ட்டர் மூலம் ரெக்கார்டருக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். எது விடியும்வரை தாங்கும்? பேட்டரிக்கு மாறினால் ரீங்காரம் உண்மையிலேயே நின்றுவிடுமா?

மின்சுற்று:

முதலில் மில்லி ஆம்பியர்-மணிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் வாட்-மணியில் எண்ணத் தொடங்குங்கள். பவர் பேங்கின் மீது அச்சிடப்பட்டுள்ள 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படுவது. ஆகவே 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க, அதன் கொள்ளளவு 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ வெப்பமாகப் போய்விடும் என்பதால், உங்கள் கைக்கு வருவது 63 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். 10,000 என்று எழுதியிருப்பது சுமார் 31 வாட்-மணி தரும். நீங்கள் குறிப்பிடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி பெயரளவில் 84 வாட்-மணி.

அடுத்து, உங்கள் கருவிகள் எவ்வளவு எடுக்கின்றன என்பதை அளந்து பாருங்கள். அடாப்டரின் மீது "12 வோல்ட், 1 ஆம்பியர்" என்று எழுதியிருப்பது அந்த அடாப்டரால் தர இயன்ற உச்ச அளவே தவிர, மிக்சரின் தேவை அதுவல்ல. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நேர்முனைக் கம்பியில் தொடராக இணைத்து, இரண்டு மைக்குகளையும் மாட்டி ஃபேன்டம் பவரையும் போட்டுவிட்டு அளவிடுங்கள். ரெக்கார்டருக்குக் கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. மீட்டர் போதும்.

ஃபேன்டம் பவர் பேட்டரியைக் குடித்துவிடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். ஒரு கண்டென்சர் மைக் பொதுவாக 2 முதல் 5 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். இரண்டு மைக்குகளுக்கும் சேர்த்து 6 மில்லி ஆம்பியர் என்றால், 48 வோல்ட்டில் அது 0.3 வாட்டுக்கும் குறைவு. பென்சில் செல்களில் ஓடும் சிறிய ரெக்கார்டருக்கு இது பெரும் சுமை. 12 வோல்ட் பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

பவர் பேங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குறைந்த மின்னோட்டம் மட்டுமே ஓடினால், கைபேசி முழுவதும் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே எடுக்கும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை உண்டு. வாங்கிய உடனே ஓர் இரவு முழுவதும் வீட்டிலேயே ரெக்கார்டரை அதில் ஓடவிட்டுப் பாருங்கள்.

ரேடியோ செட் குடும்பம்:

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மைக் செட் தொழில்தான். ஆட்டோவிலும் மாட்டு வண்டியிலும் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, 12 வோல்ட் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயர் ஓட்டிய காலத்திலிருந்தே இந்த பேட்டரிகளோடு பழக்கம் என்பதால் சில செய்திகளைச் சொல்கிறேன்.

7 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரத்துக்குச் சீராக 350 மில்லி ஆம்பியர் எடுத்தால் கிடைக்கும் அளவு. அதைவிட வேகமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. தவிர, ஈய-அமில பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிமட்டம்வரை இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். பாதிக்குமேல் எடுக்காமல் இருப்பதே நல்லது. ஆகவே "மின்சுற்று" சொன்ன 84 வாட்-மணியில் 42 மட்டுமே உங்களுடையது என்று கொள்ளுங்கள்.

நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போடாமல் எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள். உங்கள் மிக்சர் எடுப்பது சிறிதளவுதான் என்றாலும், கம்பி ஷார்ட் ஆனால் இந்தச் சிறிய பேட்டரியே கம்பியின் பிளாஸ்டிக் உருகி எரியும் அளவுக்கு மின்னோட்டத்தைக் கொட்டும். கூத்து நடக்கும் களத்தில் ஓலைப்பாயும் துணித் திரையும் மக்களும் நெருங்கி இருப்பார்கள்.

டி.சி. ஜாக்கையும் கவனியுங்கள். வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்று ஒரே மாதிரித் தெரியும் பிளக்குகளில், உட்துளை 2.1 மி.மீ. உள்ளவையும் 2.5 மி.மீ. உள்ளவையும் இருக்கின்றன. 2.1 ஊசி உள்ள சாக்கெட்டில் 2.5 பிளக்கைச் செருகினால் அது தொளதொளவென உட்காரும், வீட்டில் வேலையும் செய்யும். களத்தில் யாரேனும் கம்பியில் கால் வைத்த கணத்தில் மிக்சர் அணைந்துவிடும். நடுவில் இருப்பது நேர்முனையா எதிர்முனையா என்பதையும் மிக்சரின் பின்புறக் குறியைப் பார்த்து உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும்.

களஒலி:

மேலே இருவரும் சொன்ன கணக்குகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைக்காரர் சொன்ன யோசனையை, அதாவது ஒரே பேட்டரியிலிருந்து மிக்சருக்கு நேராகவும் ரெக்கார்டருக்குக் கன்வெர்ட்டர் வழியாகவும் எடுப்பதை, தயவுசெய்து பின்பற்றாதீர்கள். இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் நீங்கள் பேட்டரிக்கு வருகிறீர்கள். அந்த இணைப்பு புதியதோர் இரைச்சலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

காரணம் இதுதான். மலிவான கன்வெர்ட்டர்களில் உள்ளே வரும் எதிர்முனையும் வெளியே போகும் எதிர்முனையும் ஒன்றே. ஆகவே உங்கள் மிக்சரும் ரெக்கார்டரும் பேட்டரியின் எதிர்முனை வழியாக ஒருமுறையும், 3.5 மி.மீ. கேபிளின் ஷீல்டு (உட்கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக இன்னொரு முறையும் இணைந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. ரெக்கார்டர் எடுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஒலிக் கேபிளின் ஷீல்டு வழியாகவே திரும்பிப் போகும். ரெக்கார்டரின் திரையில் காட்சி மாறும்போதும் அதன் மெமரி அட்டையில் தரவு எழுதப்படும்போதும் அந்த மின்னோட்டம் ஏறி இறங்குவதால், ஷீல்டில் உண்டாகும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒலியோடு சேர்ந்து "கிர்ர், டிக், டிக்" என்று பதிவாகிவிடும். உள்ளீடும் வெளியீடும் மின்வழியாகத் தொடர்பற்ற, தனிமைப்படுத்தப்பட்ட கன்வெர்ட்டர் இருந்தால் இது நேராது. ஆனாலும் அதைத் தேடி வாங்குவதைவிட, மிக்சருக்கு 12 வோல்ட் பேட்டரி, ரெக்கார்டருக்குத் தனியாக ஒரு சிறிய பவர் பேங்க் என்று பிரித்துவிடுவது எளிது, செலவும் குறைவு. இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே ஒலிக் கேபிளைத் தவிர வேறு தொடர்பு இல்லையென்றால் வளையம் உருவாக இடமே இல்லை.

பவர் பேங்கும் எப்போதும் அமைதியானது அல்ல. அதனுள் இருக்கும் சுற்று நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடி மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த அதிர்வெண் நம் செவிக்கு எட்டாதது. ஆனால் சுமை மிகக் குறைவாக இருக்கும்போது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில பவர் பேங்குகள் தொடர்ந்து இயங்காமல் விட்டு விட்டு இயங்கத் தொடங்கும். அந்த விட்டு விட்டு இயங்கும் தாளம் செவியுணர் எல்லைக்குள் வந்துவிட்டால் மெல்லிய கீச்சொலியாகக் கேட்கும். விலையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதிக்கும் முறை எளியது. களத்தில் வைக்கும் அதே கெயின் (ஒலியைப் பெருக்கும்) அளவில் மிக்சரை வைத்து, மைக்குகளைக் கழற்றிவிட்டு, ரெக்கார்டரைப் பென்சில் செல்களில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு பவர் பேங்கில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஹெட்போனில் உரத்து வைத்து மாற்றி மாற்றிக் கேட்டால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். கேபிளில் மாட்டும் ஃபெரைட் உருளை ரேடியோ அலைக் குறுக்கீட்டைத் தடுக்கும். இந்தக் கீச்சொலிக்கு அது மருந்தல்ல.

இன்னொன்று, பவர் பேங்க் இணைத்திருந்தாலும் ரெக்கார்டருக்குள் முழுவதும் சார்ஜ் ஆன நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போட்டு வையுங்கள். 1.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் நான்கும் சேர்ந்து 9.6 வாட்-மணி. யு.எஸ்.பி. அறுந்தால் பல ரெக்கார்டர்கள் தாமாகவே உள்ளே இருக்கும் செல்லுக்கு மாறிக்கொள்ளும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கி வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மின்சாரம் முற்றிலும் நின்றுபோனால் மூடப்படாத கோப்பு படிக்க முடியாமல் போகக்கூடும். மெனுவில் செல் வகையை "அல்கலைன்" என்பதிலிருந்து மாற்றவும் மறவாதீர்கள். மாற்றாவிட்டால், செல்லில் பாதிக்குமேல் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகத் திரை காட்டும்.

மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் ஒரு லைன் எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். நேராக இணைத்தால் ஜெனரேட்டரின் எர்த் மறுபடியும் உங்கள் பதிவுக்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு.

செய்யாற்றுக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி அளந்து பார்த்தேன். மைக்குகளோடும் ஃபேன்டம் பவரோடும் சேர்த்து மிக்சர் 340 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ரெக்கார்டர் 5 வோல்ட்டில் 240 மில்லி ஆம்பியர். கேபிளைப் பிடுங்கியபோது பதிவு நிற்காமல் செல்லுக்கு மாறியது. வீட்டில் இருந்த இரண்டு பவர் பேங்குகளில் ஒன்றில் "களஒலி" சொன்ன கீச்சொலி தெளிவாகவே இருக்கிறது, மற்றொன்றில் எதுவும் கேட்கவில்லை.

இப்போது மிக்சருக்கான பேட்டரிதான் மீதி. ஈய-அமில பேட்டரியா, அல்லது லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் பேட்டரியா? பின்னது எடை குறைவு என்பதால் மனம் அதையே நாடுகிறது. ஆனால் அது 12 வோல்ட்டைவிடக் கூடுதலாகத் தரும் என்கிறார்கள். மிக்சரின் பின்புறத்தில் வெறுமனே "12 வோல்ட் டி.சி." என்று மட்டுமே உள்ளது.

மின்சுற்று:

உங்கள் அளவுகளின்படி மிக்சருக்கு ஒன்பது மணி நேரத்தில் 3.06 ஆம்பியர்-மணி வேண்டும். 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் இது பாதிக்கும் குறைவு. 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் பேட்டரியில் ஏறத்தாழப் பாதி. லித்தியம் வகையில் முக்கால் பங்குக்குமேல் எடுத்தாலும் கவலையில்லை. ரெக்கார்டருக்கு 11 வாட்-மணி போதும் என்பதால், கீச்சொலி இல்லாத அந்த பவர் பேங்க் 10,000 அளவுடையதாக இருந்தாலும் இரண்டு இரவுகளைக் கடக்கும்.

மின்னழுத்தத்தைப் பற்றிய உங்கள் தயக்கம் சரியானது. லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் செல் ஒன்று 3.2 வோல்ட். நான்கு தொடராக இணைந்தால் பெயரளவு 12.8. சார்ஜ் முடியும் தறுவாயில் 14.6 வரை போகும். சார்ஜரைக் கழற்றியதும் இறங்கி, பெரும்பகுதி நேரம் 13.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். உங்கள் மிக்சர் அதைத் தாங்குமா என்பதற்குப் பழைய அடாப்டரே சாட்சி சொல்லும். மிக்சரை இயக்கிய நிலையில் அடாப்டரின் வெளியீட்டை மல்டிமீட்டரில் அளவிடுங்கள். கனமான, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய வகை அடாப்டராக இருந்தால், 12 என்று எழுதியிருந்தும் 14 வோல்ட்டுக்குமேல் தந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் மிக்சர் ஏற்கெனவே அதற்குப் பழகியதுதான், நேராக இணைக்கலாம்.

அளவு சரியாக 12.0 என்று வந்தால், இன்னொரு கன்வெர்ட்டரைத் தேடிப் போக வேண்டாம். நேர்முனைக் கம்பியில் இரண்டு 1என்4007 டையோடுகளை (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுபவை) தொடராகப் பற்றவையுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கும் என்பதால் 13.3 என்பது 11.9 ஆகிவிடும். டையோடு 1 ஆம்பியர் தாங்கும், திறந்து மூடும் வேலை எதுவும் செய்யாததால் இரைச்சலும் தராது. முனைகளைத் தவறுதலாக மாற்றி இணைத்தாலும் மிக்சரைக் காப்பாற்றிவிடும். சார்ஜ் முடிந்த உடனே இணைக்காமல், சில மணி நேரம் கழித்து இணைப்பது நல்லது.

ரேடியோ செட் குடும்பம்:

"மின்சுற்று" சொன்ன டையோடு யோசனை சிறப்பானது. பற்றவைத்த இடத்தின் மீது சுருங்கும் குழாயை மாட்டிச் சூடு காட்டி மூடிவிடுங்கள்.

சார்ஜ் செய்வதில் இரண்டு வகைக்கும் வேறுபாடு உண்டு. ஈய-அமில பேட்டரியை வாங்கினால், கூத்து முடிந்து வீடு திரும்பிய அன்றே சார்ஜில் போட வேண்டும். இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். அதை 14.4 வோல்ட்வரை ஏற்றிப் பிறகு 13.6 வோல்ட் அளவில் தாங்கி நிற்கும் சார்ஜர் வேண்டும். கார் பட்டறையில் உள்ள பெரிய சார்ஜரில் போடாதீர்கள், இந்தச் சிறிய பேட்டரி சூடேறி உப்பிவிடும். லித்தியம் வகைக்கு அதற்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜர் மட்டுமே பொருந்தும். திருவிழாக் காலம் முடிந்தபின் அதைப் பாதி சார்ஜில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

லித்தியம் வகையில் மின்னழுத்தம் கடைசிவரை ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுவிட்டு, தீரும்போது உள்ளிருக்கும் காப்புச் சுற்று முன்னறிவிப்பின்றித் துண்டித்துவிடும். ஈய-அமிலத்தில் மீட்டரைப் பார்த்து மீதியை ஓரளவு ஊகிக்கலாம், இதில் அது நடக்காது. ஆகவே எத்தனை மணிக்கு இணைத்தீர்கள் என்பதை பேட்டரியின் மீதே ஒட்டுத்தாளில் குறித்துவையுங்கள். பையில் எடுத்துச் செல்லும்போது இரண்டு முனைகளின் மீதும் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பையில் கிடக்கும் சாவிக்கொத்து இரண்டு முனைகளிலும் பட்டாலே ஷார்ட் ஆகிவிடும், அந்த இடத்தில் உங்கள் ஃபியூஸ் உதவாது.