ஸ்கரப் டைஃபஸ் குறித்த சிஸ்டமேடிக் ரிவியூவுக்குத் தேடுசொற்களை அமைப்பது எப்படி?

கேள்வி (குழந்தைநல முதுநிலை மாணவி):

வணக்கம். ஸ்கரப் டைஃபஸ் (ஒருவகை உண்ணிக் காய்ச்சல்) கண்ட குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் எது கூடுதல் பயன் தருகிறது என்பது குறித்துச் சிஸ்டமேடிக் ரிவியூ (வெளிவந்த ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் மதிப்பாய்வு) ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். நோயின் பெயர், குழந்தை, இரு மருந்துகள், காய்ச்சல் தணியும் நேரம், இறப்பு ஆகிய அனைத்தையும் ‘அண்ட்’ (எல்லாமே இருக்க வேண்டும்) கொண்டு இணைத்துப் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் மிகக் குறைந்த கட்டுரைகளே வருகின்றன. என் வழிகாட்டி கொடுத்த முக்கியமான கட்டுரைகளில் சிலவும் அவற்றுள் இல்லை. எவற்றை விடலாம், எவற்றைச் சேர்க்க வேண்டும்? மெஷ் தலைப்புகள் (கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருள் தலைப்புகள்) மட்டும் போதுமா?

பதில் (மருத்துவக் கல்லூரி நூலகர்):

முதலில் காய்ச்சல் தணியும் நேரத்தையும் இறப்பையும் நீக்கிவிடுங்கள். பப்மெட் தேடுவது கட்டுரையின் முழுப் பகுதியை அன்று. தலைப்பு, சுருக்கம், மெஷ் தலைப்புகள் போன்றவற்றைத்தான். ஒரு விளைவை ஆய்வாளர்கள் அளந்திருந்தாலும் அதைச் சுருக்கத்தில் குறிப்பிடாமல் விட்டிருக்கக்கூடும் என்பதால், அதை நிபந்தனையாக்கினால் நல்ல ஆய்வுகள் நழுவிவிடும். இரு மருந்துகளையும் ‘அண்ட்’ கொண்டு இணைக்காமல் ‘ஆர்’ (ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) கொண்டு ஒரே தொகுதியில் வையுங்கள்.

நோயின் பெயரில்தான் அதிகக் கவனம் வேண்டும். இன்று ஓரியன்ஷியா சுட்சுகமுஷி எனப்படும் கிருமி, 1995-இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்படும் வரை ரிக்கெட்சியா சுட்சுகமுஷி என்றே அழைக்கப்பட்டது. ஜப்பான், கொரிய ஆய்வாளர்கள் பலர் நோயையே சுட்சுகமுஷி நோய் என்று எழுதுகிறார்கள். ஆகவே ஸ்கரப் டைஃபஸ் என்ற மெஷ் தலைப்புடன் இப்பெயர்கள் அனைத்தையும் தலைப்பு, சுருக்கம் ஆகிய புலங்களில் தேடும்படி ‘ஆர்’ கொண்டு சேருங்கள். மெஷ் மட்டும் போதாது. புதிதாக வந்து இன்னும் மெஷ் தலைப்பு இடப்படாத கட்டுரைகளும், மெஷ் தலைப்பு இடப்படும் மெட்லைன் தொகுப்பில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் அதில் அகப்படமாட்டா.

பதில் (ஆய்வு முறையியல் கற்பிக்கும் மருத்துவர்):

நூலகர் கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். குழந்தை என்ற தொகுதியையும் விட்டுவிடுமாறு பரிந்துரைக்கிறேன். பெரியவர்களையும் சிறுவர்களையும் ஒன்றாகச் சேர்த்த ஆய்வுகள் இத்துறையில் உண்டு. அவற்றின் சுருக்கத்தில் குழந்தை என்ற சொல்லே இல்லாமல் போகலாம். நோயையும் மருந்துகளையும் மட்டும் இணைத்தால் வரும் பட்டியல் கையால் சலித்துவிடக்கூடிய அளவினதே.

பப்மெட்டின் ‘மனிதர்கள்’ வடிகட்டியைச் சொடுக்காதீர்கள், அது மெஷ் தலைப்பை நம்பி இயங்குவதால் தலைப்பு இடப்படாத புதிய கட்டுரைகளையும் ஒதுக்கிவிடும். ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் பிடிக்க அதன் ஈற்றில் உடுக்குறி (*) இட்டால் பப்மெட் தானாக இணைச்சொற்களைத் தேடித் தருவது நின்றுவிடும் என்பதால், அவற்றை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மாணவி:

மிக்க நன்றி ஐயா, நூலகர் அவர்களுக்கும் நன்றி. இதே தேடலை எம்பேஸ் என்னும் மற்றொரு தரவுத்தளத்தில் அப்படியே இடலாமா?

நூலகர்:

இட முடியாது. எம்பேஸுக்கு எம்ட்ரீ என்ற தனிச் சொற்களஞ்சியம் இருக்கிறது, புலக் குறியீடுகளும் வேறு. தொகுதிகளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்களை அங்கு புதிதாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பு, வழிகாட்டி கொடுத்த கட்டுரைகளின் பப்மெட் எண்களை ‘ஆர்’ கொண்டு கோத்து, அதிலிருந்து உங்கள் தேடலை ‘நாட்’ கொண்டு கழித்துப் பாருங்கள். எஞ்சி நிற்கும் கட்டுரை ஒவ்வொன்றையும் திறந்து, அதன் சுருக்கத்தில் எந்தச் சொல் உங்கள் பட்டியலில் இல்லை என்று பார்த்துச் சேருங்கள். ஒன்றும் எஞ்சாத பிறகு, தேடிய நாளையும் முழுத் தேடல் வரிகளையும் தரவுத்தளம் வாரியாகப் பதிந்து வையுங்கள். ரிவியூவின் தேடலை எப்படி அறிக்கையிடுவது என்று கூறும், 2021-இல் வெளிவந்த பிரிஸ்மா-எஸ் நெறிமுறை அவற்றை அப்படியே வெளியிடுமாறு கேட்கிறது.