சூழலுக்கு உகந்த பொருள்களை எதற்காக வாங்கினார்கள்? மூன்று அனுபவங்கள்

கடை நடத்துபவர், மதுரை:
கல்லூரி ஒன்றுக்கு எதிரே சிறு கடை வைத்து, துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு, பூந்திக்கொட்டைத் தூள், நாப்கினுக்குப் பதிலாகக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப் போன்றவற்றை விற்று வருகிறேன். தொடக்கத்தில் 'பூமியைக் காப்போம்' என்று வாசலில் பெரிய பலகை வைத்தேன். அதன் அருகே நின்று படமெடுத்துக்கொண்டவர்கள் பலர், உள்ளே வந்தவர்கள் சிலரே.

சென்ற ஆண்டு விடுதி மாணவி ஒருவர் வந்து கப் கேட்டார். விடுதியில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் பழுதாகிப் பல மாதங்களாகியும் சரிசெய்யப்படாததால், பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்து போட வேண்டியிருக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். மாதாந்தரச் செலவையும், ஒரு கப் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதையும் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுத்தார். மறுமாதம் அவருடைய அறைத்தோழியர் மூவர் வந்தனர். அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதுகலை மாணவர், கோவை:
கடைக்கார ஐயா சொன்ன செலவுக் கணக்கை நானும் போடுவதுண்டு. ஆனால் என்னைத் தயங்க வைப்பது விலையன்று, ஏமாற்று. ஒரு ஜவுளிக்கடையில் 'இயற்கைக்கு உகந்த துணிப்பை' என்று பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பச்சைப் பை ஒன்றைக் கொடுத்தார்கள். கிழித்துப் பார்த்தால் நூலே இல்லை. பருத்தியாக இருந்தால் தாள் எரியும் வாசத்துடன் சாம்பலாகியிருக்கும். தீக்குச்சி பட்டதும் இதுவோ உருகிச் சுருண்டு மணிபோலத் திரண்டது. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் நெய்யாமல் ஒட்டிச் செய்த பை அது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இவ்வகைப் பைகளும் உண்டு. இப்போதெல்லாம் உறையில் இலைப்படம் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது.

பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்:
மஞ்சப்பையோடு பேருந்திலிருந்து இறங்கினால் பட்டிக்காடு என்று சிரிப்பார்கள் என்று அஞ்சி, வேலைக்குச் சேர்ந்ததுமே நான் அதைக் கைவிட்டேன். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோதும் என் மகள் அதைத் தொடவில்லை. தோழி ஒருத்தி பழைய பையில் பூவேலை செய்து தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்த பிறகுதான், பரணில் கிடந்த எங்கள் திருமணத் தாம்பூலப் பைகளை இறக்கித் தரச் சொன்னாள். எங்கள் பெயரும் முகூர்த்த நாளும் அச்சிட்ட அந்தப் பைகளில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுபோக நான் கேட்டால், கறை படிந்துவிடும் என்று தர மறுக்கிறாள்.