வெளியிலேயே குளிர்காலத்தைக் கடந்த ஃபியூஷியாக்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வேலியோரம்:
தொங்கும் பூக்கள் பூக்கும் ஃபியூஷியாச் செடிகளில் சில வகைகளை, உள்ளே எடுத்து வைக்காமல், ஒரே பாத்தியில் நட்டுக் குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விட்டேன். 'தாலியா' என்ற வகை முதல் கடும் உறைபனியிலேயே கருகியது. அது ஃபியூஷியா ட்ரிஃபில்லா என்ற இனத்தின் வழி வந்த கலப்பினம். அத்தகையவை உறைபனி தாங்காதவை என்பதால் அதில் வியப்பில்லை. மனத்தை விட்டு அகலாதது 'மிஸஸ் பாப்பிள்' வகைதான். வசந்தத்தில் மற்றச் செடிகள் துளிர்த்த பிறகும் அதன் கிளைகள் வெறும் சுள்ளிகளாகவே நின்றன. நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை துளியும் இல்லை. பிடுங்கிவிடலாம் என்று அடிமண்ணை விலக்கியபோது, இரண்டு விரற்கடை ஆழத்தில், தண்டின் அடியிலிருந்து சிவந்த குருத்துகள் வளைந்து மேலேறிக்கொண்டிருந்தன.

மண்கட்டி:
என்னிடம் அதே 'மிஸஸ் பாப்பிள்' மடிந்தது. அதைவிடச் சிறிய 'டாம் தம்ப்' பிழைத்தது. ஆகவே, பெயரை மட்டும் பார்த்து ஒரு வகை தாங்கும், தாங்காது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. மடிந்த செடி நின்ற இடம் மழைநீர் தேங்கும் பள்ளம். அதைத் தூக்கியபோது வேரின் மேல்தோல் உறை கழல்வதுபோல் விரலோடு வந்துவிட்டது. கொன்றது குளிரா, நீரா என்று பிரித்துப் பார்க்காத சோதனையால் யாருக்கும் பயனில்லை.

இலைநிழல்:
என் 'ரிக்கார்டோனி' ஆண்டுதோறும் அடியிலிருந்து தழைத்து வருகிறது. தென் சிலி, அர்ஜென்டினாவின் குளிர்ந்த பகுதிகளைச் சேர்ந்த ஃபியூஷியா மெகல்லானிக்கா என்ற இனத்தின் வழி வந்ததற்கு அது பொருத்தமே. ஆனால் சோதிப்பவர்கள் சிலவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கோடையின் தொடக்கத்திலேயே நட்டால்தான் உறைபனிக்கு முன் வேர் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் நட்ட இளஞ்செடி செத்தால் அந்த வகையைக் குறை கூற முடியாது. தண்டின் அடிப்பகுதி 5 முதல் 10 செ.மீ. வரை மண்ணுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் மேலே உள்ளது அனைத்தும் கருகினாலும் அங்கிருக்கும் மொட்டுகள் தப்பிவிடும். காய்ந்த கிளைகளை வசந்தம் வரை கவாத்துச் செய்ய வேண்டாம். அவை அடிப்பகுதிக்குக் காப்பு. அதன்மேல் இலைமக்கு மூடாக்கும் போடுங்கள். ஒவ்வொரு வகையிலும் சில தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கோடை பிறக்கும் வரை துளிர்க்காத செடியையும் செத்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

வேலியோரம்:
மண்கட்டி கேட்டது நியாயம்தான். என் பாத்தி சரிவில் இருப்பதால் அங்கே நீர் நிற்பதில்லை. அடுத்த முறை 'ஹாக்ஸ்ஹெட்' வகைச் செடிகளைச் சரிவில் ஒன்றும் தாழ்ந்த மூலையில் ஒன்றுமாக, ஒரே ஆழத்தில் நடுகிறேன்.